முதல் தடவை க்ரூஸ் போறீங்களா? சிங்கப்பூர்ல கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பார்த்துக்கோங்க

திருச்சியிலேர்ந்து நாங்க ஆறு பேர், அப்பா அம்மா, நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர், சிங்கப்பூர் போய் அங்கேர்ந்து நாலு நைட் க்ரூஸ் போயிட்டு வந்தோம். மலேசியாவுல பினாங்கு, தாய்லாந்துல புக்கெட், அப்புறம் ஒரு நாள் முழுக்க கடல், திரும்ப சிங்கப்பூர். வந்ததுலேர்ந்து சொந்தக்காரங்க, பசங்க ஸ்கூல் அம்மாக்கள்னு எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விங்கதான், ரொம்ப ஆடுமா, நம்ம சாப்பாடு கிடைக்குமா, மொத்தமா எவ்ளோ ஆகும், வயசானவங்களை நம்பிக் கூட்டிட்டுப் போலாமான்னு. ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல துண்டு துண்டா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். கப்பலுக்குள்ள போனப்புறம் கஷ்டப்படுறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் அவங்க பார்த்துக்குவாங்க. காசு வீணாகுறது, டென்ஷன் ஆகுறது, யாராவது ஏற முடியாம நிக்கிறது, இதெல்லாம் நடக்குறது கரையிலதான், அதனால நான் எழுதுறதுல பாதி கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலைதான்.

எங்கேர்ந்து போறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. சென்னையிலேர்ந்தே கார்டிலியா கம்பெனியோட எம்பிரஸ் கப்பல் 2022 ஜூன்ல கிளம்ப ஆரம்பிச்சுது, 2023ல அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைப் பக்கமும் போச்சு, ஆனா அது சீசன் பார்த்துத்தான் நம்ம ஊர்ப்பக்கம் வரும், வருஷம் பூரா இருக்காது. அது 1990ல வந்த கப்பல், நீளம் 211 மீட்டர். சிங்கப்பூர்லேர்ந்து போறதெல்லாம் இதைவிட ரொம்பப் பெருசு, ஜென்டிங் ட்ரீம் 335 மீட்டர், முன்னாடி அங்கேர்ந்து போயிட்டிருந்த ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 347 மீட்டர். நீளத்தை ஏன் சொல்றேன்னா பெரிய கப்பல் கம்மியா ஆடும். அதோட வங்காள விரிகுடா திறந்த கடல், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல்னு என்ன வேணா வரலாம். மலாக்கா நீரிணை அப்படி இல்ல, ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேசியா, ரெண்டும் சுவர் மாதிரி நின்னு காத்தைத் தடுக்குது, பெரும்பாலும் ஏரி மாதிரி இருக்கும். பயந்தவங்க வீட்ல இருந்தா சிங்கப்பூர்லேர்ந்து பினாங்கு இல்லன்னா கோலாலம்பூர் பக்கத்துத் துறைமுகமான போர்ட் கிளாங் போற மூணு நைட் ட்ரிப்தான் முதல் தடவைக்கு என் சாய்ஸ். ஏழு நைட் எல்லாம் ரெண்டாவது தடவை பார்த்துக்கலாம்.

இப்போ காசு. விளம்பரத்துல போட்டிருக்கிற ரேட் ஒரு ஆளுக்கு, அதுவும் ரூம்ல ரெண்டு பேர் தங்கினா. தனியா ஒருத்தர் ஒரு ரூம் எடுத்தா கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசு கட்டணும். அதே ரூம்ல மூணாவது நாலாவது ஆளா பசங்க வந்தா அவங்களுக்கு ரேட் குறையும். அந்த ரேட்டு மேல போர்ட் சார்ஜ், டாக்ஸ் தனி. அப்புறம் டிப்ஸ்னு ஒண்ணு இருக்கு, கிராஜுவிட்டின்னு போட்டிருப்பாங்க, இதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர்னு தானா பில்லுல ஏறிடும், குழந்தைக்கும் சேர்த்து. ஒரு ஆளுக்கு 18 டாலர்னு வெச்சுக்கிட்டாலும் எங்க ஆறு பேருக்கு நாலு நைட்டுக்கு 432 டாலர் ஆகுது பாருங்க, சின்ன காசா அது. டிராவல் ஏஜென்ட் கிட்ட பேசுறப்போவே டாக்ஸ், போர்ட் சார்ஜ், டிப்ஸ் எல்லாம் சேர்த்து எவ்ளோன்னு எழுத்துல கேளுங்க. நாங்க முதல்ல பேசின ஏஜென்ட் ஒருத்தர் டிப்ஸைப் பத்தி வாயே திறக்கல, நாங்களா கண்டுபிடிச்சுக் கேட்டப்போதான் ஆமா அது தனின்னாரு, அங்கேயே வேண்டாம்னு வெச்சுட்டு வேற ஆள் கிட்ட போயிட்டோம். ஏஜென்ட் பேக்கேஜா போட்டா டிசிஎஸ்னு ஒரு வரி பிடிப்பாங்க, அது போன காசு இல்ல, ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ கழிச்சுக்கலாம், அந்த சர்டிஃபிகேட்டை மட்டும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் கண்டிப்பா போடுங்க. கப்பல்ல டாக்டர் இருப்பாரு, நல்லா பார்ப்பாங்க, ஆனா ஃபீஸ் டாலர்ல, நம்ம ஊரு மெடிக்கல் கார்டெல்லாம் செல்லாது. பாலிசியில க்ரூஸ் கவர் ஆகுதான்னும், கடல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிட்டு வர்ற செலவு வருதான்னும், பெரியவங்களுக்கு ஏற்கனவே இருக்கிற சுகர் பிபியை ஒத்துக்குதான்னும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு படிங்க. கர்ப்பமா இருக்கிறவங்க 24 வாரம் தொட்டுட்டா பெரும்பாலான கம்பெனி ஏத்த மாட்டாங்க, கைக்குழந்தைன்னா ஆறு மாசமாவது ஆகியிருக்கணும்.

ரூம் எடுக்குறது. உள்பக்கம் ஜன்னல் இல்லாத ரூம், கடல் தெரியுற ஜன்னல் ரூம், பால்கனி ரூம், அதுக்கு மேல சூட்னு நாலு வகை. எங்க ஏஜென்ட், ரூம்ல தூங்க மட்டும்தானே போறீங்க இன்சைடே போதும்னாரு, இளவட்டங்களுக்கு அது சரிதான். ஆனா அப்பா அம்மாவோட போறீங்கன்னா அவங்களுக்கு மட்டுமாவது பால்கனி எடுங்க, நீங்க இன்சைடுல இருந்துக்கோங்க. அம்மா தினமும் அஞ்சு மணிக்கே எழுந்திரிச்சு நாற்காலியைப் போட்டு பால்கனியில உக்காந்துக்குவாங்க, ஏழு மணிக்கு நான் போறப்போ சூரியன் வந்ததை, ஒரு மீன்பிடி படகு போனதை எல்லாம் ஒண்ணு விடாம சொல்லுவாங்க. எழுபது வயசுல வீட்டு வேலை ஒண்ணும் இல்லாம அப்படி உக்காந்து அவங்களை நான் பார்த்ததே இல்ல. அந்த பால்கனிக்கு குடுத்த காசு மாதிரி உருப்படியான செலவு அந்த ட்ரிப்ல வேற இல்லன்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

எந்த ரூம்ங்கிறதுலயும் விஷயம் இருக்கு. கப்பல்ல மாடியைத்தான் டெக்னு சொல்லுவாங்க. கப்பலோட நடுப்பகுதி, கீழ் டெக், இங்கதான் ஆட்டம் கம்மி, முன்னாடி மூக்குலயும் பின்னாடி வால்லயும் அதிகம், மேல போகப் போகவும் அதிகம். ரூமுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு டெக் பிளான்ல பாருங்க, மேல நீச்சல் குளம் இருந்தா காலங்காத்தால நாற்காலி இழுக்குற சத்தம், கீழ தியேட்டர் இருந்தா ராத்திரி பாட்டு. மேலயும் கீழயும் ரூம்களே இருந்தா நிம்மதி. கேரன்டி ரூம்னு விலை கம்மியா ஒண்ணு காட்டுவாங்க, அதுல ரூம் நம்பர் அவங்க இஷ்டம், கடைசியிலதான் சொல்லுவாங்க, குடும்பமா போறவங்க அதை எடுக்காதீங்க, ஆளுக்கொரு மூலையில போட்டுடுவாங்க. முட்டி வலி இருக்கிறவங்களுக்கு லிஃப்ட்லேர்ந்து நாலஞ்சு ரூமுக்குள்ளயே எடுங்க, முன்னூறு மீட்டருக்கு மேல நீளம்னா வராண்டாவை யோசிச்சுப் பாருங்க, சாப்பாட்டுக்குப் போயிட்டு வர்றதே வாக்கிங் ஆயிடும். டெர்மினல்ல வீல்சேர் முன்கூட்டியே கேட்டா குடுப்பாங்க, கப்பலுக்குள்ள தினமும் வேணும்னா நீங்கதான் கொண்டு போகணும்.

பேப்பர் வேலைக்கு வருவோம், இதுல தப்பு நடந்தா ட்ரிப்பே போச்சு. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல உயிரோட இருக்கணும். பேர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே புக்கிங்ல இருக்கணும், நமக்கு இந்த இனிஷியல் பிரச்சனை இருக்கே, ஒருத்தருக்கு அப்பா பேர் சர்நேமா இருக்கும், ஒருத்தருக்கு சர்நேம் கட்டமே காலியா இருக்கும், ஏஜென்ட் அவசரத்துல எதையாவது போட்டுடுவாரு. புக்கிங் மெயில் வந்த அன்னைக்கே பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தா பாருங்க. அடுத்தது விசா. சிங்கப்பூருக்குள்ள விமானத்துல ஒரு தடவை நுழையுறீங்க, கப்பல் முடிஞ்சு திரும்ப ஒரு தடவை நுழையுறீங்க, ஆக ரெண்டு என்ட்ரி. விசா பேப்பர்ல மல்டிபிள் ஜர்னின்னு இருக்கான்னு பாருங்க, சிங்கிள்னு வந்திருந்தா உடனே ஏஜென்ட்டைப் பிடிங்க, அதோட கப்பல் ஏற முடியாது. மலேசியா தாய்லாந்துக்கு நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா தளர்வு அப்பப்போ மாறிட்டே இருக்கு, அதனால புக் பண்றப்போ ஒரு தடவையும் கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தடவையும் அந்தந்த நாட்டு அரசாங்க சைட்ல பாருங்க, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பினதை நம்பாதீங்க.

இன்னொண்ணு, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. சிங்கப்பூர் அரைவல் கார்டுன்னு நெட்ல ஒரு ஃபார்ம், விமானத்துல போறப்போ ஒரு தடவை ஃபில் பண்ணுவீங்க, கப்பல்ல திரும்பி வர்றப்போ மறுபடியும் ஃபில் பண்ணணும். வர்ற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ளதான் அது பண்ண முடியும், அதனால ஊர்லயே முடிச்சுட்டுப் போக முடியாது, நாலு நைட் ட்ரிப்னா கப்பல்ல இருக்கிறப்போதான் அந்த நாள் வரும், நடுக்கடல்ல ஃபோன் டேட்டா கிடையாது. நாங்க புக்கெட்ல இறங்குனப்போ ஃபோன் டேட்டாவுல ஆறு பேருக்கும் உக்காந்து முடிச்சோம். காசு ஒண்ணும் கிடையாது அதுக்கு, காசு கேக்குற சைட் எதுவா இருந்தாலும் அது போலி.

கப்பல் கிளம்புற அன்னைக்கே விமானத்துல போய் இறங்காதீங்க, தயவு செஞ்சு. திருச்சியிலேர்ந்து நாலரை மணி நேரம்தானே, காலையில இறங்கி மத்தியானம் ஏறிடலாமேன்னுதான் தோணும், ஆனா விமானம் மூணு மணி நேரம் லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது, காசும் வராது. ஒரு நாள் முன்னாடியே போய் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு ரூம் போட்டுத் தங்குங்க, மணி ரெண்டரை மணி நேரம் முன்னாடி போகுது அங்க, பெரியவங்களுக்குத் தூக்கமும் சரியாகும். அப்புறம் டெர்மினல் எதுன்னு டிக்கெட்ல பாருங்க, சிங்கப்பூர்ல ரெண்டு இருக்கு. மரினா பே க்ரூஸ் சென்டர் ஒண்ணு, எம்ஆர்டி மெட்ரோ ரயில்ல போனா மரினா சவுத் பியர் ஸ்டேஷன்ல இறங்கணும். இன்னொண்ணு ஹார்பர்ஃபிரண்ட்ல விவோசிட்டி மால் பக்கத்துல இருக்கிற சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். டாக்ஸிக்காரர் கிட்ட வெறும் க்ரூஸ் சென்டர்னு சொன்னா எதுக்கு வேணா கூட்டிட்டுப் போவாரு.

பொட்டி கட்டுறது இப்போ. டெர்மினல் வாசல்ல பெரிய பொட்டியெல்லாம் வாங்கி டேக் போட்டு அனுப்பிடுவாங்க, அது உங்க ரூம் வாசலுக்கு வர சாயங்காலம் ஆயிடும். எங்களுக்கு ஒரு பொட்டி ராத்திரி ஏழரைக்குத்தான் வந்துச்சு, அதுலதான் அம்மாவோட மாத்திரை டப்பா. ரெண்டு மணிக்கு சாப்பிட வேண்டிய பிபி மாத்திரை, அது எங்க இருக்குன்னே தெரியாது, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அந்த அஞ்சரை மணி நேரம் நான் பட்டது வேற யாரும் படக்கூடாது. அதனால கையில வெச்சுக்குற பையில எல்லா மாத்திரையும், எல்லா பாஸ்போர்ட்டும், போர்டிங் பாஸ் பிரிண்ட்டும், ஒரு செட் மாத்து டிரஸ்ஸும், பசங்களோட நீச்சல் டிரஸ்ஸும், சார்ஜரும், மூக்குக் கண்ணாடியும் இருக்கணும். மாத்திரையை ஸ்ட்ரிப்போட, டாக்டர் சீட்டோட வெச்சுக்கோங்க, பிரிச்சு டப்பாவுல கொட்டி எடுத்துட்டுப் போகாதீங்க. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி சிலதுக்கு சிங்கப்பூர்ல முன் அனுமதி வாங்கணும், உங்க சீட்டுல அப்படி ஏதாவது இருந்தா விசா அப்ளை பண்றப்போவே அதையும் பார்த்துடுங்க.

எடுத்துட்டுப் போகக் கூடாதது எதுன்னா சூடா ஆகுறது எல்லாமே. அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர், வாட்டர் ஹீட்டர் காயில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாத்தையும் ஸ்கேன்ல பார்த்து வாங்கி வெச்சுக்குவாங்க, இறங்குறப்போதான் தருவாங்க. சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி, அகல் விளக்கும் கூடாது, கப்பல்ல தீன்னா அவ்ளோ பயம், நடுக்கடல்ல எங்க ஓடுறது. அம்மா கிட்ட இதை முன்னாடியே சொல்லி வெச்சேன், சின்னதா ஒரு முருகன் படத்தை மட்டும் எடுத்துட்டு வந்து கண்ணாடி பக்கத்துல வெச்சுக்கிட்டாங்க. எடுத்துட்டுப் போக வேண்டியது, ரூம் சுவரெல்லாம் இரும்புதான், காந்தக் கொக்கி நாலு வாங்கிட்டுப் போனா ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் மாட்டலாம். நம்ம மூணு முனை பிளக் அங்க போகாது, யுனிவர்சல் அடாப்டர் ரெண்டு வேணும். சால்வை, ஸ்வெட்டர் மறக்காதீங்க, தியேட்டர்லயும் டைனிங் ஹால்லயும் ஏசி நடுங்க வைக்கும். ஒரு ராத்திரி எல்லாரும் நல்லா டிரஸ் பண்ணிட்டு வர்ற நைட்னு வெப்பாங்க, கோட் சூட் எல்லாம் வாங்க வேண்டாம், அப்பா பட்டு வேட்டி, அம்மா காஞ்சிபுரம் புடவை, அன்னைக்கு அந்த ஹால்ல அவங்க ரெண்டு பேரைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

ஏறின முதல் நாள். எல்லாரும் நேரா பஃபேக்கு ஓடுவாங்க, கூட்டம் தாங்காது, மெயின் டைனிங் ரூம் மத்தியானம் திறந்திருக்கான்னு கேளுங்க, அங்க உக்கார வெச்சுப் பரிமாறுவாங்க, காசும் இல்ல. சாப்பிட்டதும் ஃபோன்ல கப்பல் கம்பெனியோட ஆப்பைத் திறந்து ஷோ எல்லாம் புக் பண்ணிடுங்க, டிக்கெட்டுக்குக் காசு இல்லதான், ஆனா சீட் தீர்ந்துடும். அப்புறம் மஸ்டர் டிரில்னு ஒரு ஆபத்து ஒத்திகை கட்டாயம். ஏழு தடவை குட்டையா ஒரு தடவை நீளமா ஹாரன் அடிச்சா அது ஆபத்து சிக்னல், அப்போ எந்த இடத்துக்கு வரணும்னு உங்க ரூம் கார்டுலயே எழுதியிருக்கும், வீடியோ பார்த்துட்டு அந்த இடத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிட்டு வரணும். 2012 ஜனவரியில இத்தாலி பக்கத்துல கோஸ்டா கான்கார்டியா பாறையில மோதிக் கவிழ்ந்து 32 பேர் செத்தாங்க, அன்னைக்குத்தான் ஏறின நிறைய பேருக்கு டிரில்லே நடந்திருக்கல. அதுக்கப்புறம்தான் சட்டத்தை மாத்தி, கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ டிரில் முடிஞ்சிருக்கணும்னு கொண்டு வந்தாங்க. அதனால சும்மா சம்பிரதாயம்னு நினைக்காம பெரியவங்களையும் பசங்களையும் கூட்டிட்டுப் போய் அந்த இடத்தை அவங்க கண்ணால பார்க்க வெச்சுடுங்க, உங்க ரூம்லேர்ந்து படிக்கட்டு வழியா எப்படிப் போறதுன்னும் பாருங்க, ஆபத்துல லிஃப்ட் கிடையாது.

ஆட்டத்தைப் பத்திக் கேட்டீங்க இல்ல. எங்க நாலு நாள்ல மூணு நாள் கப்பல் நகருதான்னே தெரியல, புக்கெட் தாண்டினப்புறம் ஒரு ராத்திரி மட்டும் லேசா தொட்டில் மாதிரி இருந்துச்சு, என் பெரியவனுக்கு மட்டும் வயித்தைப் பிரட்டுச்சு. பஸ்ல வாந்தி எடுக்கிற பழக்கம் இருக்கிறவங்க அவோமின் மாதிரி மாத்திரையை டாக்டர் கிட்ட கேட்டு எடுத்துட்டுப் போங்க, பிரட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டா அவ்ளோவா கேக்காது, ரெண்டு மணி நேரம் முன்னாடியே போடணும், தூக்கம் வரும். கண்ணுல பிரஷர், ப்ராஸ்டேட் பிரச்சனை இருக்கிற பெரியவங்க டாக்டரைக் கேக்காம போடவே கூடாது. இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் வெச்சுக்கோங்க, நல்லா கேக்குது. பிரட்டுறப்போ ரூமுக்குள்ள படுத்துக்கிட்டு ஃபோனைப் பார்க்காதீங்க, வெளிய டெக்ல நடுப்பக்கமா வந்து தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பாருங்க, காலி வயித்தோடவும் இருக்காதீங்க.

சாப்பாடு. சிங்கப்பூர் கப்பல்கள்ல நம்ம ஆளுங்க நிறைய வர்றதால இந்தியன் சாப்பாடு பஃபேல கண்டிப்பா ஒரு பக்கம் இருக்கும், பெரும்பாலும் வடக்கத்தி டேஸ்ட். சைவம்னா, வெங்காயம் பூண்டு இல்லாத ஜெயின்னா, புக் பண்றப்போவே எழுதிக் குடுத்துடணும். ஹலால் வேணும்னா ஜென்டிங் ட்ரீம்ல அதுக்குன்னு சர்டிஃபிகேட் வாங்கின கிச்சன் இருக்கு. எங்களுக்கு உபயோகமா இருந்த வழி என்னன்னா, முதல் ராத்திரியே டைனிங் ஹெட் வெய்ட்டர் கிட்ட பேசி நாளைக்கு அம்மாவுக்கு இது வேணும்னு சொல்லிட்டோம். அவரு குறிச்சு வெச்சுக்கிட்டு மறுநாள்லேர்ந்து சாதம், பருப்பு, ஒரு காய், தயிர்னு தனியா செஞ்சே கொண்டு வந்தாரு, நாங்க அதை எதிர்பார்க்கவே இல்ல. வீட்ல செஞ்ச சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, கடையில சீல் பண்ணின பருப்புப் பொடி, ஊறுகாய் பாக்கெட்டுக்கு எங்க கிட்ட ஒண்ணும் சொல்லல. கப்பல்லேர்ந்து பழம், சாண்ட்விச் எதையும் எடுத்துட்டு கரையில இறங்காதீங்க, அந்தந்த நாட்டுல ஃபைன். தண்ணி, டீ, காபி, ஜூஸ் மாதிரி சிலது பஃபேல ஃப்ரீ, கோக் எல்லாம் காசு. டிரிங்க்ஸ் பேக்கேஜை ரொம்ப வற்புறுத்துவாங்க, குடிக்காத குடும்பத்துக்கு அது தேவையே இல்ல. சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க, வாசல்ல இருக்கிற சானிடைசர் மட்டும் பத்தாது, கப்பல்ல பரவுற நோரோ வைரஸ் அதுக்கெல்லாம் சரியா சாகாது.

ஃபோனை ஏறின உடனே ஏரோபிளேன் மோட்ல போட்டுடுங்க, குடும்பத்துல எல்லார் ஃபோனும். கரை மறைஞ்சதும் கப்பலோட டவர் பிடிச்சுக்கும், அது சாதாரண ரோமிங் பேக்ல வராது, ஒரு கால் வந்து எடுத்தாலே பில் பயங்கரமா ஏறும். வைஃபை தனிக் காசு, ஒரு டிவைஸ்க்கு எடுத்து மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். பசங்க கையில ஃபோன் இல்லாததால நாங்க ஒரு வழி வெச்சுக்கிட்டோம், மத்தியானம் ஒரு மணி, சாயங்காலம் ஆறு மணி, அஞ்சாவது டெக் லிஃப்ட் வாசல், யாரு எங்க இருந்தாலும் அங்க வந்துடணும்னு.

ஊர்ல இறங்குற நாள்தான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். கப்பல் கிளம்புற நேரம் வேற, எல்லாரும் திரும்ப ஏறியிருக்க வேண்டிய நேரம் வேற, அது முன்னாடியே இருக்கும். கப்பல் கம்பெனியோட டூர் பஸ்ல போனா லேட் ஆனாலும் நிறுத்தி வெப்பாங்க, நீங்களா டாக்ஸி பிடிச்சுப் போனா நிக்காது. அதனால தூரமா போறதுக்கு அவங்க டூர், பக்கத்துல சுத்துறதுக்கு நாமளே போலாம். புக்கெட் மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னாடி, கப்பல் எந்த மணியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதுன்னு அன்னன்னைக்கு ஆப்ல பாருங்க, ஃபோன் தானா மணியை மாத்திக் காட்டும், அதை நம்பினா கப்பல் போயிடும். அப்பா சாதா முள்ளு வாட்சைக் கப்பல் மணிக்கு வெச்சுக் கட்டிக்கிட்டாரு, எல்லாரும் அதைத்தான் பார்த்தோம்.

பினாங்குல ஜார்ஜ் டவுன் ஊர்ல ஸ்வெட்டன்ஹாம் பியர்ங்கிற துறையிலயே கப்பல் வந்து நிக்கும், இறங்கி நடந்தாலே ஊரு. வாசல்ல விக்டோரியா ராணியோட 1897 வைர விழா நினைவாக் கட்டின மணிக்கூண்டு நிக்குது, வழி தெரியலைன்னா அதைக் கேட்டுத் திரும்பி வந்துடலாம். அங்கேர்ந்து பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல மகாமாரியம்மன் கோயில், 1833லேர்ந்து இருக்கு. அம்மா உள்ள போனதும் அர்ச்சகர் தமிழ்ல எந்த ஊரும்மான்னு கேட்டாரு, அவ்ளோதான், அம்மாவுக்கு ஊரை விட்டு வந்த நினைப்பே போயிடுச்சு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கு மேல படி, முட்டி நல்லா இருக்கிறவங்க டாக்ஸி வெச்சுட்டுப் போங்க. நாசி கண்டார் சாப்பிடாம வராதீங்க, நம்ம தமிழ் முஸ்லிம்கள் தோள்ல காவடி மாதிரி கம்புல சோத்தையும் குழம்பையும் தூக்கிட்டு வித்ததுதான் அது, கண்டார்ங்கிறது அந்தக் கம்பு. போர்ட் கிளாங் போற ட்ரிப்னா கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், டிராஃபிக் இருந்தா இன்னும் இழுக்கும், பத்துமலை மட்டும் பார்த்துட்டு வர்றதுன்னு வெச்சுக்கோங்க, எல்லாத்தையும் பார்க்க ஆசைப்படாதீங்க.

புக்கெட்ல பல கப்பல் படாங் கடற்கரைக்கு எதிர்ல கடல்லயே நங்கூரம் போட்டுடும், சின்னப் படகுலதான் கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அலை இருந்தா அந்தப் படகுல கால் வெச்சு இறங்குறது பெரியவங்களுக்குக் கஷ்டம். மே லேர்ந்து அக்டோபர் வரைக்கும் அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காத்து, அலை ரொம்ப இருந்தா அந்த ஊரையே விட்டுட்டுப் போயிடுவாங்க, கேக்க முடியாது, டிக்கெட்டுல கையெழுத்து போடுறப்போவே அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் போறோம். அப்பா நான் வரலைன்னு கப்பல்லயே இருந்துட்டாரு. ஊர்ல இறங்குற நாள் கப்பல் காலியா கிடக்கும், நீச்சல் குளம், சாய்வு நாற்காலி எல்லாம் உங்களுக்கே, பெரியவங்க ஒரு ஊருக்கு இறங்காம இருந்தா ஐயோ பாவம்னு நினைக்காதீங்க, அப்பா அன்னைக்குப் பூரா டெக்ல உக்காந்து ஒரு ரிட்டயர்டு சீன வாத்தியார் கூட சைகையிலயும் அரைகுறை இங்கிலீஷ்லயும் பேசியே பொழுதைப் போக்கியிருக்காரு, சாயங்காலம் நாங்க வர்றப்போ ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க.

கடைசி ராத்திரி பொட்டியை டேக் போட்டு ரூம் வாசல்ல வெக்கச் சொல்லுவாங்க, பதினோரு மணிக்குள்ள. மறுநாள் போட்டுக்கிற டிரஸ், செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் எதுவும் அதுக்குள்ள போயிடக் கூடாது. பொட்டி ரெண்டு மூணுதான், நாமளே இழுத்துக்கலாம்னா வெக்காம கையோட வெச்சுக்கிட்டு சீக்கிரம் இறங்கலாம். பில்லை அன்னைக்கு ராத்திரியே ஆப்லயோ ரிசப்ஷன்லயோ வரிக்கு வரி பாருங்க, எங்களுக்கு வாங்காத ஃபோட்டோ ஒண்ணு ஏறியிருந்துச்சு, சொன்னதும் எடுத்துட்டாங்க, காலையில போனீங்கன்னா நீளமா க்யூ. டெபிட் கார்டு குடுக்காம கிரெடிட் கார்டு குடுங்க, முன்பணமா ஒரு தொகையைப் பிடிச்சு வெப்பாங்க, டெபிட்னா அது திரும்பி வர நாளாகும். திரும்புற விமானம் மத்தியானம் ரெண்டு மணிக்கு அப்புறமா போடுங்க, கப்பல் காலையில வந்தாலும் இமிகிரேஷன், லக்கேஜ், சாங்கி ஏர்போர்ட் போற நேரம் எல்லாம் சேர்ந்து மத்தியானம் ஆயிடும்.

ஊருக்கு வந்தப்புறம் ஒரு ரெண்டு நாளைக்கு, சும்மா நின்னாலோ, குளிக்கிறப்போ கண்ணை மூடினாலோ தரை ஆடுற மாதிரி இருக்கும், அம்மா பிபி ஏறிடுச்சோன்னு பயந்துட்டாங்க. அது கடல்லேர்ந்து வந்தவங்க நிறைய பேருக்கு வர்றதுதான், காது பேலன்ஸ் திரும்பக் கரைக்குப் பழகுற வரைக்கும் இருக்கும், தானா போயிடும். ரெண்டு நாள் பெரியவங்களை பாத்ரூம்ல கைப்பிடிச்சு நிக்கச் சொல்லுங்க, மாடிப்படி மெதுவா ஏறச் சொல்லுங்க, வாரக்கணக்குல நீடிச்சா மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டர் கிட்ட காட்டுங்க.